போலீஸ் பிடியில் உயிர் போனால் எந்தக் குற்றம் சாட்டுவது?

கேள்வி இது: தரையில் அழுத்திப் பிடித்ததில் ஒருவர் இறந்துவிட்டால், பிடித்த போலீஸ்காரர் மேல் கொலை வழக்கா, அதற்குக் குறைந்த வழக்கா, வழக்கே கிடையாதா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? 2020-இல் அமெரிக்காவில் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் விஷயத்தில் ஒரே சாவுக்கு மூன்று குற்றச்சாட்டுகள் எப்படி வந்தன? உலகமே வீடியோவில் பார்த்த பிறகும் முதல் நிலைக் கொலை என்று ஏன் போடவில்லை?

அமெரிக்காவில் இதை முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். சாவு எவ்வளவு கொடூரமாக இருந்தது என்பதை வைத்து அவர் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பிடியால்தான் உயிர் போனது என்று நிரூபிக்க முடியுமா, பிடித்தவரின் மனநிலை என்ன என்று காட்ட முடியுமா, இந்த இரண்டையும் பார்க்கிறார். இவற்றுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் போலீசுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி எந்த நிமிடத்தோடு முடிந்தது? இத்தகைய வழக்குகள் நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்வியில்தான் என்பது என் கருத்து. செய்திகளில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

துப்பாக்கிச் சூட்டில் சாவுக்குக் காரணம் எது என்று யாரும் சண்டை போடுவதில்லை. குண்டு பாய்ந்தது, ஆள் இறந்தார். சுட்டவர் ஏன் சுட்டார் என்பது மட்டும்தான் வாதம். பிடித்து அழுத்தியதில் நேரும் சாவு அப்படியல்ல. முதலாவதாக, அது பெரும்பாலும் சட்டப்படியான கைதில்தான் தொடங்குகிறது. இரண்டாவதாக, இறந்தவருக்கு இதய நோய் இருந்தது, உடம்பில் போதைமருந்து இருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் ஏதாவது ஒன்று வந்தே தீரும். மூன்றாவதாக, பிடித்தவர் "அவர் திமிறினார், அடக்கினேன்" என்பார். அதுவும் ஒரு கட்டம்வரை உண்மையாகவே இருக்கும். அதனால் மொத்தச் சம்பவத்தையும் ஒரே செயலாகப் பார்த்தால் வழக்கு கையை விட்டுப் போய்விடும். நிமிடக் கணக்கில் பிரித்துப் பார்த்தால்தான் பிடி கிடைக்கும்.

ஃபிளாய்ட் வழக்கில் அரசுத் தரப்பு அதைத்தான் செய்தது. 2020 மே 25 மாலை, மினியாபொலிஸ் நகரில் 38-ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில், ஒரு கடையில் 20 டாலர் கள்ளநோட்டு கொடுத்ததாக வந்த புகாரில் அவரைப் பிடித்தார்கள். கைவிலங்கு மாட்டியாயிற்று. போலீஸ் காருக்குள் ஏற்றப் போனபோது, மூடிய இடம் என்றால் தனக்குப் பயம் என்று சொல்லித் திமிறினார். பிறகு அவரைத் தெருவில் குப்புறக் கிடத்தினார்கள். போலீஸ்காரர் டெரக் ஷாவினின் முழங்கால் அவர் கழுத்தில். சக போலீஸ்காரர் அலெக்ஸாண்டர் குயெங் இடுப்புப் பக்கம். தாமஸ் லேன் கால்களைப் பிடித்துக்கொண்டார். டூ தாவ் கூடியிருந்த மக்களைத் தள்ளி நிறுத்தினார்.

அந்த நிலையில் கழிந்தது 9 நிமிடம் 29 விநாடி. விசாரணையின் முதல் நாளில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜெரி பிளாக்வெல், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிகளுக்கு இந்த நேரத்தை மூன்று துண்டாக வெட்டிக் காட்டினார். ஃபிளாய்ட் பேசிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் இருந்தது 4 நிமிடம் 45 விநாடி. வலிப்பு வந்ததுபோல் உடம்பு துடித்தது 53 விநாடி. அசைவே இல்லாமல் கிடந்தது 3 நிமிடம் 51 விநாடி. வழக்கின் பாரம் முழுவதையும் அந்தக் கடைசித் துண்டு தாங்கியது. கைவிலங்கோடு, நினைவில்லாமல், குப்புறக் கிடக்கும் ஒருவரின் மேல் முழங்காலை வைத்திருப்பதற்கு "அடக்கினேன்" என்ற பதில் பொருந்தாது. அடக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

நடுவில் நடந்த ஒரு பேச்சும் சட்டைக் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. லேன் வேலைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார் ஷாவின். கொஞ்ச நேரம் கழித்து லேன் மறுபடியும் கேட்டார். குயெங் நாடி பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்றார். அதைக் கேட்ட பிறகும் முழங்கால் எடுபடவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் இறங்கி வந்து பார்க்கும்வரை அங்கேயே இருந்தது. மனநிலையை நிரூபிக்க அரசு வழக்கறிஞர்கள் எங்கெங்கோ தேடுவார்கள். இங்கே அது உரையாடலாகவே கிடைத்தது. ஆபத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார், மாற்று வழியையும் சொல்கிறார், இன்னொருவர் கேட்டுவிட்டு மறுக்கிறார்.

கைது செய்யும் போலீசுக்கு நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்த, மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்தின் சட்டம் அனுமதி தருகிறது. அந்த அளவுக்குள் இருக்கும்வரை அது தாக்குதலே இல்லை. குற்றச்சாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. எது நியாயமான அளவு என்பதற்கு 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் சொன்னதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். பிற்பாடு உட்கார்ந்து யோசிக்கிறவரின் கண்ணால் பார்க்கக் கூடாது, அதே இடத்தில் நின்ற நிதானமான ஒரு போலீஸ் அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும், நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அது நஷ்டஈட்டு வழக்கு, கிரிமினல் வழக்கு அல்ல. ஆனாலும் அதன் அளவுகோல் கிரிமினல் நீதிமன்றங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பல போலீஸ்காரர்கள் விடுதலையானதற்கு அந்த "நொடிப்பொழுது" என்ற சொல்தான் காரணம். ஒன்பதரை நிமிடம் நீடித்த பிடிக்கு அந்தச் சொல் செல்லுபடியாகவில்லை.

இதைச் சொல்ல வெளியாள் யாரும் தேவைப்படவில்லை. மினியாபொலிஸ் போலீஸ் தலைவர் மெடேரியா அரடோண்டோ சாட்சிக் கூண்டேறி, ஃபிளாய்ட் திமிறுவதை நிறுத்தியபோதே, தவிக்கிறார் என்று தெரிந்தபோதே அந்தப் பிடி முடிந்திருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் சில விநாடிகள் பலத்தைப் பயன்படுத்தியதில் நியாயம் இருந்திருக்கலாம் என்றும் அவர் ஒத்துக்கொண்டார். அரசுத் தரப்புக்கு அது பின்னடைவே இல்லை. பிடித்ததற்கு வழக்கில்லை, விடாமல் வைத்திருந்ததற்குத்தான் வழக்கு என்று ஜூரிகளுக்கு அது தெளிவாக்கியது. குப்புறக் கிடத்துவதன் ஆபத்தும் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கைவிலங்கு மாட்டியதும் ஆளை வயிற்றிலிருந்து திருப்புங்கள் என்று அமெரிக்க நீதித்துறை 1995-லேயே போலீஸ் துறைகளுக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறது.

நேரக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்க்க எரிக் கார்னர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூலை 17, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு. சில்லறையாக சிகரெட் விற்றார் என்ற சந்தேகம். டேனியல் பாண்டலேயோ என்ற போலீஸ்காரர் பின்னாலிருந்து கையைக் கழுத்தில் வளைத்துக் கீழே சாய்த்தார். அந்த வகைக் கழுத்துப் பிடியை நியூயார்க் போலீஸ் விதிகள் 1993-லேயே தடை செய்திருந்தன. "மூச்சுவிட முடியவில்லை" என்று கார்னர் 11 முறை சொன்னது வீடியோவில் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை மருத்துவர், கழுத்தும் மார்பும் அழுத்தப்பட்டதும் குப்புறக் கிடத்தியதும் சாவுக்குக் காரணம், இது பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்று எழுதினார். இத்தனையும் இருந்தும் அந்த டிசம்பரில், குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டு வேண்டாம் என்றது. மத்திய அரசு ஐந்து வருடம் இழுத்து, காலக்கெடு முடிவதற்கு முந்தைய நாளான 2019 ஜூலை 16 அன்று, வழக்கு இல்லை என்று அறிவித்தது. புரூக்ளின் மத்திய அரசு வழக்கறிஞர் அன்று சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைப் புரிந்துகொள்வது அவசியம். கழுத்தில் கை இருந்தது ஏறக்குறைய ஏழு விநாடி, கார்னர் மூச்சுவிட முடியவில்லை என்று சொன்னது கை எடுத்த பிறகு, ஆகவே எச்சரிக்கையைக் கேட்டும் வேண்டுமென்றே தொடர்ந்தார் என்று நிரூபிக்க முடியாது என்றார்.

அந்தக் கணக்கு அந்த ஒரு கையோடு நின்றுவிட்டது. அதன் பிறகு பல போலீஸ்காரர்கள் சேர்ந்து கார்னரை அழுத்தி வைத்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை மார்பு அழுத்தத்தையும் குப்புறக் கிடத்தியதையும் கழுத்துக்குச் சமமாகவே காரணம் என்கிறது. அந்த 11 முறையும் யார் காதிலோ விழுந்திருக்கிறது. ஒருவரை மட்டும் குறிவைத்துக் கேட்டதால் மற்றவர்கள் செய்தது யார் கணக்கிலும் சேரவில்லை. பல பேர் கை வைத்த சாவில் இப்படித்தான் பொறுப்பு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து கடைசியில் காணாமல் போகும். பாண்டலேயோ 2019 ஆகஸ்டில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வளவுதான்.

இனி சாவின் காரணம். மினியாபொலிஸ் அடங்கிய ஹென்னிபின் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) பிரேதப் பரிசோதனை மருத்துவர் ஆண்ட்ரூ பேக்கர், போலீஸ் அடக்கியதும் கட்டுப்படுத்தியதும் கழுத்தை அழுத்தியதும் சேர்ந்து இதயமும் நுரையீரலும் நின்றன என்று எழுதினார். வகை: பிறர் செயலால் நேர்ந்த மரணம். இந்த வகைப்பாடு மருத்துவம் சார்ந்தது, குற்றம் நடந்தது என்ற முடிவு அல்ல. இதை மறந்துவிட்டுத்தான் "கொலை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, பிறகு ஏன் தாமதம்" என்று பலர் கேட்கிறார்கள். அதே அறிக்கையில் இதய நோய், ஃபென்டனில் என்ற போதைமருந்து, அண்மையில் எடுத்த மெத்தாம்ஃபெட்டமைன் என்ற இன்னொரு போதைமருந்து எல்லாம் இருந்தன. ஃபிளாய்ட் வீட்டில் தனியாக இறந்துகிடந்து வேறு காரணமும் இல்லாதிருந்தால், அந்த ஃபென்டனில் அளவை வைத்து அதிக மருந்தால் சாவு என்று சொல்லியிருக்கலாம் என்று பேக்கர் அரசு வழக்கறிஞர்களிடம் கூறியதும் ஆவணமாகி வெளியே வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எரிக் நெல்சன் இதை விடாமல் பற்றிக்கொண்டார்.

அரசுத் தரப்பு இதை முறியடித்த விதத்தை நான் இன்றும் சட்டம் படிப்பவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். சிகாகோவைச் சேர்ந்த நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின் வீடியோவை ஓடவிட்டு, ஜூரிகளையும் கூடவே எண்ணச் சொல்லி, ஃபிளாய்டின் மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு 22 என்று வந்தது. ஃபென்டனில்தான் அவரைச் சாய்த்தது என்றால் மூச்சு மந்தமாகி 10 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். 22 என்பது இயல்பான எண்ணிக்கை. ஆகவே மூச்சை நிறுத்தியது மருந்து அல்ல என்றார். நல்ல உடம்புக்காரர் ஒருவரை அதே போல் அழுத்தியிருந்தாலும் இறந்திருப்பார் என்றும் சொன்னார். எதிர்த்தரப்பில் மேரிலாந்தின் முன்னாள் தலைமைப் பிரேதப் பரிசோதனை மருத்துவர் டேவிட் ஃபவுலர் வந்து, இதயம், போதைமருந்து, பக்கத்து காரின் புகை என்று பல காரணம் அடுக்கி, வகை தீர்மானிக்க முடியாதது என்றார்.

இவர்களில் யாரை நம்புவது என்பதைவிட நீதிபதி பீட்டர் கஹில் ஜூரிகளுக்குச் சொன்ன விதிதான் முக்கியம். ஷாவினின் செயல் சாவுக்குக் கணிசமான காரணமாக இருந்தால் போதும், ஒரே காரணமாக இருக்கத் தேவையில்லை. மற்றவையும் சேர்ந்திருந்தன என்பதால் பொறுப்பு போகாது. நோயாளி என்றால் நோயாளியாகவே, பலவீனர் என்றால் பலவீனராகவே அவரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய சட்டக் கொள்கை. எனவே "அவருக்கு ஏற்கனவே இதய நோய்" என்பது எதிர்வாதமாகவே நிற்கக் கூடாது. நடைமுறையில் அது ஜூரிகள் மனதில் ஒரு துளி சந்தேகத்தைப் போடும். அந்தத் துளிக்காகத்தான் எதிர்த்தரப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறது.

இப்போது மூன்று குற்றச்சாட்டுக்கு வருவோம். சம்பவம் நடந்த நான்காம் நாள், மே 29 அன்று, கவுண்டி அரசு வழக்கறிஞர் மைக் ஃப்ரீமேன் ஷாவின் மேல் மூன்றாம் நிலைக் கொலையும் இரண்டாம் நிலை மேன்ஸ்லாட்டரும் சாட்டினார். ஜூன் 3 அன்று, வழக்கைக் கையில் எடுத்திருந்த மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கீத் எலிசன் அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தார்: கொல்லும் எண்ணம் இல்லாத இரண்டாம் நிலைக் கொலை. மற்ற மூவரும் அன்றுதான் உடந்தைக் குற்றத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

மேன்ஸ்லாட்டர் என்பது கொலைக்குக் கீழே உள்ள குற்றம். சாவோ பெருங்காயமோ நேரலாம் என்று தெரிந்தே துணிந்து ஆபத்தை உண்டாக்கும் கவனக்குறைவு அது. அதிகபட்சம் 10 ஆண்டு. மூன்றாம் நிலைக் கொலை, மனித உயிரைத் துச்சமாக நினைக்கும் வக்கிர மனத்தோடு பிறருக்குப் பேராபத்தான செயலைச் செய்வது. அதிகபட்சம் 25 ஆண்டு. எலிசன் சேர்த்த இரண்டாம் நிலை வேறு தர்க்கத்தில் ஓடுகிறது. ஒரு கடுங்குற்றத்தைச் செய்யும்போது அதனால் உயிர் போனால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது கொலை. இங்கே அந்தக் கடுங்குற்றம், குறிப்பிடத்தக்க உடற்கேடு விளைவித்த தாக்குதல். அதிகபட்சம் 40 ஆண்டு.

எலிசனின் தேர்வில் இருந்த நுட்பம் இதுதான். கொல்ல நினைத்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. காயப்படுத்த நினைத்தார் என்றுகூட வேண்டியதில்லை. சட்டம் அனுமதிக்காத பலத்தை வேண்டுமென்றே பிரயோகித்தார் என்று காட்டினால் போதும். முழங்கால் தவறி விழுந்ததல்ல, வைக்கப்பட்டது. அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே கேள்வி: அது அனுமதிக்கப்பட்ட பலமா? மறுபடியும் அந்த 3 நிமிடம் 51 விநாடியில்தான் வந்து நிற்கிறோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. சாவுக்குக் காரணமான தாக்குதலையே அடிப்படைக் குற்றமாகக் காட்டி அதைக் கொலையாக உயர்த்த முடியாது என்று அங்கே நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. மினசோட்டாவில் அந்தத் தடை இல்லை. இதே வீடியோ வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால் குற்றப்பத்திரிகை வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் நிலைக் கொலை ஏன் இல்லை என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு முன்கூட்டியே திட்டமிட்டுக் கொல்லும் எண்ணம் வேண்டும். அன்று மாலை ஷாவின் வேறொருவர் அழைத்த இடத்துக்கு வந்தவர். தவிர, மினசோட்டாவில் ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தைக் கிராண்ட் ஜூரிதான் சாட்ட முடியும், அரசு வழக்கறிஞர் தானே எழுதிக் கொடுக்க முடியாது. அப்படியானால் "எண்ணத்தோடு செய்த" இரண்டாம் நிலைக் கொலையைப் போட்டிருக்கலாமே? நாடி இல்லை என்று கேட்ட பிறகும் அழுத்தியதை வைத்து அப்படி வாதாட முடியும். ஆனால் எண்ணம் என்று ஒன்றை எழுதிவிட்டால், வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே எதிர்த்தரப்பு வட்டமிடும். அதிகபட்ச தண்டனையோ இரண்டுக்கும் அதே 40 ஆண்டு. கூடுதல் சுமையை ஏற்பதற்கு இலாபம் குறைவு. எலிசன் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

மூன்றையும் சேர்த்துப் போட்டதன் அருமை பின்னால் தெரிந்தது. மூன்றாம் நிலைக் குற்றச்சாட்டை 2020 அக்டோபரில் கஹில் தள்ளுபடி செய்தார். பலருக்கு ஆபத்தான செயலுக்குத்தான் அந்தப் பிரிவு, ஒருவரை மட்டும் நோக்கிய செயலுக்குப் பொருந்தாது என்றார். அதற்கிடையில், 2017-இல் ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்ற மினியாபொலிஸ் போலீஸ்காரர் முகமது நூரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளிக்க, 2021 மார்ச்சில், ஜூரி தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே, அந்தக் குற்றச்சாட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. ஏப்ரல் 20 அன்று மூன்றிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. செப்டம்பரில் மினசோட்டா உச்ச நீதிமன்றம் நூர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் திருத்தி, குறிப்பிட்ட ஒருவரை நோக்கிய செயலுக்கு மூன்றாம் நிலை பொருந்தாது என்று முடித்துவிட்டது. நூரின் பன்னிரண்டரை ஆண்டு தண்டனை மேன்ஸ்லாட்டருக்கான 57 மாதமாகக் குறைந்தது. ஃப்ரீமேன் முதலில் எழுதிய இரண்டு குற்றச்சாட்டுகள் மட்டுமே இருந்திருந்தால் ஷாவினுக்கும் அந்தக் கதிதான் காத்திருந்தது. அவருடைய தண்டனையான இருபத்திரண்டரை ஆண்டு இரண்டாம் நிலைக் கொலையின் மேல் விதிக்கப்பட்டிருந்ததால் அது அசையவில்லை.

அந்த இருபத்திரண்டரை ஆண்டு எப்படி வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. முன்குற்றம் இல்லாதவருக்கு மினசோட்டா வழிகாட்டுதலின்படி இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் அடிப்படைத் தண்டனை ஒன்றேதான்: பன்னிரண்டரை ஆண்டு. நம்பிக்கைக்குரிய பதவியையும் அதிகாரத்தையும் தவறாகப் பயன்படுத்தினார், குறிப்பாகக் கொடூரமாக நடந்துகொண்டார் என்ற காரணங்களைக் காட்டி நீதிபதி அதற்கு மேல் பத்தாண்டு கூட்டினார்.

யார் முடிவு செய்கிறார் என்பதில் இன்னொரு சிக்கல். கவுண்டி அரசு வழக்கறிஞர் தினமும் அதே போலீஸ்காரர்களின் சாட்சியத்தை நம்பித்தான் மற்ற வழக்குகளை நடத்துகிறார். நாளைக்கும் அவர்கள் வேண்டும். கொலராடோவின் அரோராவில் 2019 ஆகஸ்டில் எலைஜா மெக்லேன் என்ற 23 வயது இளைஞரைக் கழுத்துப் பிடியில் அடக்கி, ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அவர் உடம்புக்கு மிஞ்சிய 500 மில்லிகிராம் கெட்டமைன் என்ற மயக்க மருந்து ஊசி போட்டார்கள். இறந்துவிட்டார். முதல் பிரேதப் பரிசோதனை காரணம் தீர்மானிக்க முடியவில்லை என்றது. அதைக் காட்டி உள்ளூர் அரசு வழக்கறிஞர் வழக்கு இல்லை என்று கோப்பை மூடினார். ஃபிளாய்ட் சாவுக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில் மாநில அட்டர்னி ஜெனரல் ஃபில் வைசர் கிராண்ட் ஜூரியைக் கூட்டினார். பிரேதப் பரிசோதனை அறிக்கை திருத்தப்பட்டு, கட்டுப்படுத்தலுக்குப் பின் போட்ட கெட்டமைனின் விளைவு என்று மாறியது. 2023-இல் ஒரு போலீஸ்காரரும் இரு ஆம்புலன்ஸ் ஊழியர்களும் குற்றவாளிகள் ஆனார்கள். வேறு இரு போலீஸ்காரர்கள் விடுதலை. நடந்த சம்பவம் அப்படியேதான் இருந்தது. கோப்பு யார் மேசையில் இருந்தது என்பதுதான் மாறியது.

வெளியாள் எடுத்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் 2020 மார்ச்சில் மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இறந்த மேனுவல் எல்லிஸ் வழக்கை அங்கே அட்டர்னி ஜெனரல்தான் நடத்தினார். பிரேதப் பரிசோதனை மருத்துவர் கட்டுப்படுத்தியதால் ஆக்சிஜன் கிடைக்காமல் சாவு என்றார். எதிர்த்தரப்பு மெத்தாம்ஃபெட்டமைனைக் காட்டியது. 2023 டிசம்பரில் மூன்று போலீஸ்காரர்களும் விடுதலையானார்கள்.

மத்திய அரசின் வழி இன்னும் குறுகலானது. அரசியலமைப்பு தந்த உரிமையை அதிகாரத்தின் பேரில் பறித்தார் என்ற குற்றத்துக்கு, "வேண்டுமென்றே" பறித்தார் என்று காட்ட வேண்டும். ஜார்ஜியாவில் ஒரு கறுப்பினத்தவரை அடித்துக் கொன்ற ஷெரிஃப் ஸ்குருஸின் வழக்கில் 1945-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த கடுமையான பொருள் இன்றும் தொடர்கிறது. கார்னர் வழக்கு மத்திய அரசிடம் அடைபட்டது அங்கேதான். ஷாவின் விஷயத்தில் மாநிலத் தீர்ப்பு ஏற்கனவே வந்துவிட்டதால், 2021 டிசம்பரில் மத்திய வழக்கில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 21 ஆண்டு, மாநிலத் தண்டனையோடு சேர்ந்தே ஓடுகிறது.

கழுத்தில் கை வைக்காதவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை மற்ற மூவரின் வழக்குகள் எடுத்துக்கொண்டன. சக அதிகாரி வரம்பு மீறினால் தடுக்க வேண்டும் என்று மினியாபொலிஸ் போலீஸ் விதி அப்போதே இருந்தது. மத்திய ஜூரி 2022 பிப்ரவரியில் மூவரையும் குற்றவாளி என்றது. குயெங், தாவ் மேல் தடுக்கத் தவறியதும் மருத்துவ உதவி செய்யாததும். லேன் மேல் மருத்துவ உதவி செய்யாதது மட்டும். ஒருக்களிக்கலாமா என்று லேன் கேட்ட கேள்வி அவருக்கு இரண்டு விதமாக வேலை செய்தது. தடுக்க முயன்றார் என்பதற்கு அதுவே ஆதாரம், ஆபத்து தெரிந்திருந்தது என்பதற்கும் அதுவே ஆதாரம். மாநில வழக்கில் லேனும் குயெங்கும் மேன்ஸ்லாட்டருக்கு உடந்தை என்று ஒப்புக்கொண்டு முறையே 3 ஆண்டும் மூன்றரை ஆண்டும் பெற்றார்கள்.

தாவ் ஒப்புக்கொள்ளவில்லை. தான் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அந்தக் கூட்டத்தில் பணியில் இல்லாத தீயணைப்பு வீராங்கனை ஒருவர் இருந்தார். நாடி பாருங்கள் என்று கத்தினார், நான் வந்து உதவுகிறேன் என்றார். நடைபாதையிலேயே நில்லுங்கள் என்று அவரைத் தடுத்தது தாவ். ஜூரி வேண்டாம், ஆவணங்களைப் பார்த்து நீதிபதியே முடிவு செய்யட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் 2023 மே மாதம் கஹில் தீர்ப்பு எழுதினார். மக்களைத் தள்ளி நிறுத்தியதே ஷாவினுக்குச் செய்த உதவி, மருத்துவ உதவி கிடைக்காமல் போனதற்கும் அவர் காரணம் என்று முடிவு செய்தார். தண்டனை 4 ஆண்டு 9 மாதம். லேனுக்கும் குயெங்குக்கும் மாநில நீதிமன்றம் கொடுத்ததைவிட அதிகம்.